நீ போட்ட எட்டு ஓட்டைகள்

குஞ்சு மக்கா,

இதை நான் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது என்பது எனக்குத் தெரியாதா? நீ இந்தக் கேரளப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவன். நான் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு நிறுத்தி, காரோட்டுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவள். அதற்குப் பிறகு பைபிளும் பாட்டுப் புத்தகமும் தவிர வேறொன்றும் வாசித்ததில்லை. எழுதியது அதைவிடக் குறைவு. ஷைனிக்கும் தமிழ் எழுத்து தெரியாது. இந்தத் தாளை மேசை மேல் பார்த்தால் ஏதோ ஜெபக் குறிப்பு என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவாள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். உன் மனைவிக்கு எட்டாத ஒன்று உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கட்டும் என்று ஒரு ஆசை. நீயும் வாசிக்க மாட்டாய் என்பது உட்கார்ந்து நாலு வரி எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. இருந்தாலும் நிறுத்த மனசில்லை.

நேற்று உன் போட்டு, அந்தப் பழைய படகு, பூவாற்றில் ஆறு கடலில் சேரும் பொழியில் இறங்கியது. மேலே நீ வாங்கிய டவர் நிற்கிறது. நீ போய் பத்து மாதத்திற்குப் பிறகு நீ நினைத்த காரியம் நடந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் உன்னிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நேற்று முழுக்க என் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்தப் போட்டை நீ லாரியில் கொண்டுவந்து நம் பலாமரத்தடியில் இறக்கிய நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்கவில்லை. ஏதோ ரிசார்ட்டில் வருஷக்கணக்காகக் கிடந்து நிறம் போன பழைய பைபர் போட்டு. உனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை அப்போது. "எலே, வீட்டில மரச்சீனிக் கெழங்கு வைக்க எடமில்ல, நீ கப்பலா கொண்டு வந்திருக்க?" என்று கேட்டேன். "அம்மே, பழசுதான், ஆனா எஞ்சின் சுத்தமாக்கும்" என்றாய். "இதில எத்தற பேர ஏத்துவ?" என்றேன். "ஏத்தமாட்டேன். பின்னால கயிறு கெட்டி இழுப்பேன்" என்றாய். "சவத்த இழுக்கது மாதிரியா?" என்று கேட்டதற்கு நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். வீட்டுக்குள்ளிருந்து அவளும் சிரித்தாள். உன் சிரிப்பு எனக்குப் போதும். அவள் சிரித்ததுதான் பிடிக்கவில்லை.

பூவாற்றில் எல்லாப் போட்டும் ஒரே வழியில்தான் ஓடுகிறது, காட்டுக்குள் ஒரு சுற்று, பொழியில் ஒரு நிறுத்தம், திரும்பி வருவது. நான் வேறொன்று செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். காலில் பலகையைக் கட்டிக்கொண்டு ஆட்கள் தண்ணீர்மேல் போவதை போனில் காட்டினாய். அதற்கு டவர் வேண்டும் என்றாய். கொச்சியிலிருந்து அது ஆள் நீளப் பெட்டியில் வந்தது. பிரித்துப் பார்த்தால் வளைந்த அலுமினியக் குழாய்கள். "கயிறத் தாழக் கெட்டுனா ஆளு தண்ணியில முங்கிப்போவும் அம்மே. உயரத்தில கெட்டணும். கொளத்தில எருமைய மூக்குக்கயிறு பிடிச்சு மேல தூக்கி இழுத்தா தல பொங்கி வருமில்லியா, அதுபோல" என்றாய். அது எனக்குப் புரிந்தது. அதை எருமை வைத்துச் சொன்னாயே, எனக்காகத்தானே யோசித்துச் சொன்னாய் என்று ரெண்டு நாள் மனசுக்குள் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே எருமையைச் சொல்வதைக் கேட்டேன்.

டவரைப் புதிய போட்டில் வைப்பது வேறு, பழைய போட்டில் வைப்பது வேறு என்று உன் முதலாளி தாசன் சொன்னான். பைபர் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு அது தெரியும். புதியது கம்பெனியிலேயே அதற்கு இடம் விட்டு வரும். பழையதில் நாம்தான் இடம் கண்டுபிடித்து, விளிம்பில் ஓட்டை போட்டு, அடியில் தகடு வைத்து முறுக்க வேண்டும். போட்டு வண்டிமேல் சரிந்து நின்றால் டவரும் சரிந்துவிடும். நீ கொத்தனாரிடமிருந்து தண்ணீர் டியூப் வாங்கிவந்து மட்டம் பிடித்தாய். அட்டைப் பெட்டியை வெட்டி டவரின் நாலு காலுக்கும் பாதம் போல அளவு எடுத்தாய். குழாயின் ஒரு பக்கத்தை நீ பிடித்தாய், மறுபக்கத்தை ஷைனி பிடித்தாள். நானும் பிடிக்கலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தேன். "அம்மே, மாறி நில்லுங்க. கையில விழும்" என்றாய். முப்பது வருஷம் பாறசாலைச் சந்தையிலும் காட்டாக்கடைச் சந்தையிலும் பலாச்சக்கை சுமந்த கை இது. உனக்கு ஆறு வயசில் உன் அப்பா போன பிறகு உன்னையும் சுமந்த கை. அதில் விழுந்துவிடுமாம். அவளுடைய கையில் விழாதாம். நான் துணி காயப்போடும் கயிற்றடியில் போய் நின்றேன். "இது முடிஞ்சா துணி காயப்போட கொள்ளாம்" என்று சத்தமாகச் சொன்னேன். நீங்கள் ரெண்டு பேரும் மறுபடியும் சிரித்தீர்கள்.

நீ இருந்திருந்தால் உனக்கு ஒரு புத்தி சொல்லியிருப்பேன் மக்கா. கட்டினவளோடு சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது அம்மாவுக்கும் ஒரு முனையைக் கொடுக்க வேண்டும். வெறும் அட்டையாக இருந்தாலும் போதும். "இத ஒண்ணு பிடிங்க" என்று சொன்னால் அந்தக் கிழவி நாள் முழுக்க வாய் திறக்க மாட்டாள். இது உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானும் சொல்லித் தரவில்லை. கேட்டு வாங்குவது கேவலம் என்று நினைத்தேன்.

இடவ மாசத்தில் மழை தொடங்குவதற்கு முன்னால் இடதுபக்கம் ஓட்டை போட்டாய். முன்கால் நாலு, பின்கால் நாலு. எட்டு. வலதுபக்கம் மறுநாள் என்றாய். மறுநாள் பட்டறையில் வேலை வந்தது. ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டி, நீலப் படுதா போட்டு மூடிவைத்தாய். அதற்கும் ஒரு புத்தி உண்டு. ஓட்டை போட்ட அன்றே அடைத்துவிட வேண்டும். ஆனால் உன்னை எப்படிக் குற்றம் சொல்வது? மூன்று வாரம் கழித்து நீ இல்லாமல் போவாய் என்று உனக்குத் தெரியுமா?

எலிக்காய்ச்சல் என்றார்கள். காலில் வெட்டுக்காயத்தோடு ஓடைத்தண்ணீரில் நின்று யாருடைய வள்ளத்தையோ கழுவியிருக்கிறாய். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். இப்போது எழுதினால் கை ஓடாது.

உன்னை அடக்கம் செய்த அன்று சபையில் எல்லோரும் முதலில் அவள் கையைத்தான் பிடித்தார்கள். ஒரு வருஷம்கூட உன்னோடு வாழாதவள். இருபத்தேழு வருஷம் வைத்திருந்தவள் நான் ரெண்டாவதாக நின்றேன். பாஸ்டர்கூட அவளைப் பார்த்துத்தான் ஜெபம் பண்ணினார். "பாவம், சின்னப் பெண்" என்றார்கள். எனக்கு வயசாகிவிட்டதால் துக்கம் குறைந்துவிடுமா? அவள் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், நெய்யாற்றின்கரை ஒன்றும் தூரமில்லை என்று காத்திருந்தேன். அவள் போகவில்லை. உன் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். உன்னைப் போலவே என்னை "அம்மே" என்று கூப்பிட்டாள். அந்தச் சொல் உன் வாயோடு போயிருக்க வேண்டியது. அதை அவள் எடுத்து உபயோகித்தபோது, என் வீட்டுப் பாத்திரத்தை யாரோ கேட்காமல் எடுத்தது போல இருந்தது.

மழை வலுத்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். போட்டின்மேல் இருந்த நீலப் படுதாவை இழுத்து விறகின்மேல் போட்டேன். விறகு நனைகிறது, வேறு என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டகையில் பழைய படுதா ஒன்று மடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதை எடுக்கவில்லை. ஷைனி தினமும் மாலையில் போட்டுப் பக்கத்தில் போய் நின்று உன் பென்சில் கோடுகளைத் தடவிப் பார்ப்பாள். அந்தப் படுதாவைத் தூக்கும்போது அவள் முகத்தில் வரும் ஒரு கனிவு எனக்குப் பொறுக்கவில்லை. உன் அறையில் அவள், உன் போனில் அவள், உன் போட்டிலும் அவள். மழை பெய்யட்டும் என்று விட்டேன். படுதா எங்கே என்று அவள் கேட்டபோது, காற்றில் கிழிந்துபோனது என்றேன். இடவப்பாதி மழையும் ஐப்பசித் துலா மழையும் அந்த எட்டு ஓட்டையில் பெய்தன. டேப் எத்தனை நாள் நிற்கும்?

மழையெல்லாம் ஓய்ந்து கும்பமாசம் அவள் தாசனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். "விற்றுக் களையலாம் மோளே, நல்ல ஆளு வந்திருக்கு" என்று நான் அதற்கு முன்பே நாலு தடவை சொல்லியிருந்தேன். "இல்ல அம்மே. இது ஞான் தீர்க்கும்" என்றாள். தானே செய்து முடிப்பாளாம். மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது, ஆனால் சொன்ன சொல்லை மாற்றவில்லை. போட்டு ஓட்டப் படித்து, அதற்குரிய தாளையும் வாங்கி வைத்திருந்தாள். எனக்குத் தெரியாமல் எத்தனை நாள் பஸ் ஏறிப் போனாளோ. தாசன் போட்டைச் சுற்றிவந்தான். இடதுபக்கத்து ஓட்டைகளைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துவர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான், சவத்துக்கு முன்னால் நிற்பது போல. "ஜெபின் போட்டதாக்கும். ஒரு நூலு தப்பாது. இதில நான் கை வைக்கமாட்டேன். வலதுபக்கத்த மட்டும் இதுக்கு நேராப் போடுவோம்" என்றான். ஷைனி அழுதாள். செத்துப்போனவன் செய்துவைத்த வேலையைச் சோதித்துப் பார்க்க யாருக்கு மனசு வரும்? அந்த ஓட்டைகளை அவர்கள் ரெண்டு பேரும் உன்னைப் போலவே நினைத்தார்கள்.

மறுநாள் அவர்கள் நட்டு வாங்கப் பாறசாலைக்குப் போனார்கள். நான் போட்டோரம் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். கை சும்மா இருக்காதே. சக்கையைக் கொட்டிப் பார்ப்பது போல விரல்முட்டியால் விளிம்பைக் கொட்டினேன். வலதுபக்கம் கணீரென்று இருந்தது. இடதுபக்கம் வந்தேன். முன்கால் வைக்கும் இடத்தில் பொத்தென்றது. பின்கால் இடத்திலும் அதே சத்தம். மூத்த சக்கைக்கு ஒரு சத்தம், பழுத்ததற்கு ஒரு சத்தம், உள்ளே அழுகியதற்கு ஒரு சத்தம். அதை எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். மேலே பைபர் வெள்ளையாக மினுங்குகிறது, உள்ளே இருக்கும் பிளைவுட் ஊறிப் போய்விட்டது. அதன்மேல் டவரை முறுக்கி, ஓர் ஆளைக் கயிற்றில் கட்டி வேகமாக இழுத்தால் என்ன ஆகும்? பிய்த்துக்கொண்டு வந்து ஓட்டுகிறவளின் தலையில் விழும்.

ஓட்டப் போகிறவள் ஷைனி.

மக்கா, அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உனக்கு மட்டும்தான் எழுத முடியும். அவள் செத்துப்போகட்டும் என்று நினைக்கவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால், கட்டி முடித்து, முதல் நாளே அது ஆடி, தாசன் தலையைச் சொறிந்து, "இது சரிவராது" என்று சொல்லி, அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போவது போல ஒரு படம் என் கண்ணில் ஓடியது. அந்தப் படம் எனக்கு இனித்தது. நான் வெற்றிலையைத் துப்பிவிட்டு வீட்டுக்குள் போனேன். அன்று சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. சொன்னால் படுதாவையும் சொல்ல வேண்டும். அதோடு, நான் எது சொன்னாலும் தடுக்கத்தான் சொல்கிறேன் என்று அவள் நினைப்பாள். நாலு தடவை விற்கச் சொன்னவள்தானே நான்.

மூன்றாம் நாள் வலதுபக்கம் ஓட்டை போட்டார்கள். ரெண்டு பக்கமும் டவரைத் தூக்கி நிறுத்தினார்கள். அடியில் தகட்டை வைத்து, ஓட்டையில் பசையைத் தடவி, தாசன் முதல் போல்ட்டை முறுக்கத் தொடங்கினான். ஷைனி சாப்பிடாமல்கொள்ளாமல் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வாசலில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றேன். கையில் அந்தப் பாத்திரம் இருந்ததால்தான் எனக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாபகம் வந்தது.

அந்தத் திங்கட்கிழமையும் நான் கஞ்சிப் பாத்திரத்தோடுதான் நின்றேன். நீ கட்டிலில் சுருண்டு கிடந்தாய். கெண்டைக்காலை அமுக்கி அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய். கண் ரெண்டும் சிவந்திருந்தது. முந்தின வருஷம் சந்தையில் என் பக்கத்தில் மீன் விற்கிறவளின் புருஷனுக்கு இப்படித்தான் கண் சிவந்து, இப்படித்தான் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்து, இழுத்துப் பறித்துப் பிழைத்தான். எனக்கு அடையாளம் தெரிந்தது. ஷைனி வந்து பாத்திரத்தை என் கையிலிருந்து வாங்கினாள். "வெறும் பனியாக்கும் அம்மே. குளிக குடுத்திருக்கு. ஞான் நோக்கிக்கொள்ளாம்" என்றாள். வெறும் காய்ச்சலாம், மாத்திரை கொடுத்தாளாம். வாசல்படியிலேயே வாங்கினாள். உள்ளே விடவில்லை என்று எனக்குத் தோன்றியது. அவள் பாவம், வழியில் நின்றாள், அவ்வளவுதான். சரி, கட்டினவள் பார்த்துக்கொள்ளட்டும், அம்மா எதற்கு என்று உள்ளுக்குள் சொல்லிவிட்டு நான் திரும்பினேன். ரெண்டு நாள் வேண்டுமென்றே விடியுமுன் சந்தைக்குப் போனேன். மூன்றாம் நாள் உன் கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர், கண் சிவந்ததை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஷைனி இல்லை என்று தலையை ஆட்டி அழுதாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எனக்குத் தெரியாமப் போச்சே" என்று இன்றுவரை அவள் தன்னைத்தானே அடித்துக்கொள்கிறாள். எனக்குத் தெரிந்தது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பாரத்தை முழுக்க அவள் தலையில் வைத்துவிட்டு, அவள் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு பத்து மாதம் இருந்தேன்.

பாத்திரத்தைத் தரையில் வைத்தேன். "தாசா, அத முறுக்காத" என்றேன்.

"ஏன் அக்கா?"

"உள்ள அழுகிப் போச்சு."

ஷைனி குழாயை விடாமலே திரும்பிப் பார்த்தாள். "அம்மைக்கு ஆதியிலேயே இது பிடிக்கல்ல. விற்கணும்னு சொன்னது. இப்ப அவரு போட்ட ஓட்டையும் கொள்ளத்தில்லன்னு சொல்லுதியளா?" அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"எனக்குப் பிடிக்கல்ல. அது நேருதான், பொய்யில்ல. ஆனா அழுகினதும் நேராக்கும். சக்கை மாதிரி ஒண்ணு கொட்டிப் பாருலே தாசா."

"அக்கா, இது சக்கையில்ல, பைபராக்கும்" என்று தாசன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஸ்பேனரின் பிடியால் வலதுபக்கம் ஒன்று தட்டினான். இடதுபக்கம் ஒன்று. இன்னொன்று. சிரிப்பு நின்றுவிட்டது. போல்ட்டைக் கழற்றி, ஓட்டைக்குள் ஸ்குரூடிரைவரை விட்டுக் கிண்டினான். ஊறின தேயிலைத்தூள் போலக் கறுப்பாக வந்தது. அதை உள்ளங்கையில் வைத்து விரலால் நசுக்கிப் பார்த்தான். "பழைய போட்டு, முன்னாலயே கொஞ்சம் ஈரம் இருந்திருக்கும்" என்றான், யாரையும் குற்றம் சொல்லக் கூடாது என்று.

"இல்ல. படுதாவ எடுத்தது நானாக்கும். காத்தில கிழியல்ல. விறகுமேல கெடக்கு" என்றேன்.

ஷைனி குழாயைத் தாசன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, அவள் மட்டும் பட்டினி கிடந்து பெரியவளாகிவிடக் கூடாது என்று. பார்த்தாயா, அந்த நேரத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது. மறுநாள் காலையில் அவள் ஓர் அட்டையும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து, உன் எட்டு ஓட்டையையும் ஒவ்வொன்றாக வட்டம் போட்டு எடுத்தாள். பிறகு தாசனைப் பார்த்து, "வெட்டுங்க அண்ணா" என்றாள்.

அழுகினதை வெட்டி, சுரண்டி, காயவைத்து, புதிய பிளைவுட் வைத்து, பைபர் பாயும் ரெசினும் பூசி இறுக எத்தனையோ நாள் ஆனது. ரெசின் நாற்றத்தில் வீட்டில் இருக்க முடியவில்லை. உன் உடம்பில் வரும் நாற்றம் அதுதான். நாங்கள் ரெண்டு பேரும் அதைச் சொல்லவில்லை. ஆனால் ரெண்டு பேரும் அந்தப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை தாசன் ஓட்டையின் உள்பக்கத்திலும் ரெசின் பூசி அடைத்துவிட்டுத்தான் போல்ட்டைப் போட்டான். வெட்டி எடுத்தது ரெண்டு துண்டு. முன்கால் துண்டில் நாலு ஓட்டை, பின்கால் துண்டில் நாலு ஓட்டை. ரெண்டையும் ஷைனி துடைத்து எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தாள். ஒன்று போதாதா அவளுக்கு? அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் ஒன்றை எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. தெரியாமலா இருக்கும்?

நேற்றைக்கு வருகிறேன். திருவனந்தபுரத்திலிருந்து ஒரு பெண் பலகையோடு வந்திருந்தாள், முன்பே பழகினவளாம். ஷைனி ஓட்டினாள். பின்னால் பார்த்து உட்கார ஓர் ஆள் வேண்டும் என்று என்னை ஏற்றினாள். "அவளு விழுந்தா அம்மை கைய பொக்கணும். ஞான் முன்னால நோக்கியிருப்பேன்" என்றாள். எனக்குத் தண்ணீர் பயம், உனக்குத் தெரியும். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். போட்டு சீறிக்கொண்டு போனது. கயிறு விறைத்தது. அந்தப் பெண் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து நின்றாள். அவள் எழுந்ததை நான் பார்க்கவே இல்லை. என் கண் இடதுபக்கத்துக் காலிலேயே இருந்தது. குழாய் ரீங்கரித்தது. போல்ட் அசையவில்லை. அதற்குள் அந்தப் பெண் விழுந்துவிட்டாள், நான் கையைத் தூக்கவில்லை. கரையிலிருந்து தாசன், "அக்கோ! ஆளு போச்சு! கைய பொக்குங்க!" என்று கத்தினான். ஷைனி திருப்பிக்கொண்டு போனபோது அந்தப் பெண் தண்ணீரில் மிதந்துகொண்டு சிரிக்கிறாள். கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் போனை எடுத்து, "அம்மா, நான் நின்னேன்" என்றாள். அந்தப் போனின் மறுமுனையில் இருக்கும் அம்மாமேல் எனக்கு வந்த பொறாமைக்கு அளவே இல்லை.

எல்லோரும் போன பிறகு ஷைனி டவரின் காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அண்ணைக்கு அம்மை பறயலன்னா இண்ணைக்கு அந்தப் பெண்ணும் இல்ல, ஞானும் இல்ல." கொஞ்சநேரம் துடைத்தாள். "எனக்குக் கண்ணு இல்ல அம்மே. அவருக்க பனியும் எனக்குத் தெரியல்ல. போட்டு அழுகினதும் தெரியல்ல. அம்மைக்கு எல்லாம் தெரியுது. அண்ணைக்கு அம்மை ஒருதரம் உள்ள வந்து நோக்கியிருந்தா..." என்று நிறுத்திவிட்டு அழுதாள். நான் போய் அவள் தோளைப் பிடித்தேன். நான் பார்த்தேன் மோளே என்று வாய் வரை வந்தது. அதற்குப் பதில் அவளை இறுகப் பிடித்தேன். அவள் என் தோளில் சாய்ந்து, "அம்மே, அம்மே" என்றாள். நேற்றுத்தான் அந்தச் சொல் எனக்கு அவள் வாயிலும் சரியாக இருந்தது. அந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று பயந்தேன். போகட்டும் என்று பத்து மாதம் காத்திருந்தவள்தான் நான்.

அவளிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்லுவேன். ஆனால், தெரிந்தும் ஏன் உள்ளே வரவில்லை என்று அவள் கேட்கப் போகும் முதல் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. நான் அன்றே சொல்லியிருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்பதை டாக்டர் சொல்லுவார். நான் கேட்பது அதுவல்ல. அந்தத் திங்கட்கிழமை நான் அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "எழும்புலே மக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால், நீ என் பேச்சைக் கேட்டு எழுந்திருப்பாயா, இல்லை அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்திருப்பாயா?